வைஃபையில் தெரியாத பெயரா? முதலில் வீட்டை எண்ணுங்கள்

ரவுட்டர் பட்டியலில் பெயர் தெரியாத கருவி ஒன்றைக் கண்டதும் எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் எதிர் வீட்டுப் பையன் மீதுதான் சந்தேகம் வரும். பாவம், அவன் வீட்டில் நம்மைவிட வேகமான இணைப்பு இருக்கிறது. பார்த்துச் சொல்லும்படி அக்கம்பக்கத்தார் என்னை அழைப்பார்கள். பிடிபடும் திருடன் பெரும்பாலும் அதே வீட்டு ஏசியாகவோ பிரிண்டராகவோ இருக்கும். அதனால் ரவுட்டரைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

அறை அறையாக நடந்து, வைஃபையில் இணையக்கூடிய எல்லாவற்றையும் எழுதுங்கள். கைபேசியும் மடிக்கணினியும் யாருக்கும் மறக்காது. மறப்பவை வேறு: டிவி, செட்டாப் பெட்டி, ஸ்மார்ட் பல்பு, பிளக், வாசல் கேமரா, கைக்கடிகாரம், செயலியில் இயங்கும் ஏசி, அலமாரியில் சார்ஜில் கிடக்கும் பழைய கைபேசி. கடவுச்சொல் வாங்கிப்போன விருந்தாளிகளையும் சேருங்கள். சென்ற பொங்கலுக்கு வந்த மச்சினர், கீழே வண்டி நிறுத்தினாலே அவர் கைபேசி தானாக இணைந்துவிடும்.

இனி ரவுட்டர். அதன் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளே நுழைவதற்கான முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதை உலாவியில் தட்டி உள்ளே போனால், இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் கிடைக்கும். சில ரவுட்டர்கள் எப்போதோ வந்து போன கருவியையும் பட்டியலில் வைத்திருக்கும். ஆகவே பெயர் இருக்கிறது என்பதற்காக அது இப்போது இணைந்திருப்பதாக எண்ண வேண்டாம்.

பெயர் உதவாதபோது மேக் முகவரியை, அதாவது வைஃபையில் ஒவ்வொரு கருவியும் காட்டும் அடையாளக் குறியைப் பாருங்கள். இரண்டிரண்டு எழுத்துகளாக ஆறு ஜோடி இருக்கும். முதல் மூன்று ஜோடிகள் தயாரித்த நிறுவனத்தைக் குறிப்பவை. அவற்றை ஒதுக்குவது ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு. பதிவேடு எல்லோருக்கும் திறந்தது, இணையத்தில் இலவசமாகத் தேடலாம். ஆனால் அங்கே கிடைக்கும் பெயர் பெட்டியில் அச்சிட்ட பெயராக இருக்க வேண்டியதில்லை. வைஃபை சிப்பையோ பாகத்தையோ செய்தவரின் பெயராகவும் இருக்கலாம். எஸ்பிரெசிஃப் என்று வந்தால் பயப்படாதீர்கள். அது ஷாங்காய் நிறுவனம். மலிவான ஸ்மார்ட் பல்புகளிலும் பிளக்குகளிலும் அதன் சிப் ஏராளமாக இருக்கிறது. ஹான் ஹாய் என்பது ஃபாக்ஸ்கானின் இன்னொரு பெயர்; மடிக்கணினி, விளையாட்டுக் கருவி போன்றவற்றைத் தேடிப் பாருங்கள்.

நிறுவனமே கிடைக்காத முகவரிதான் பலரின் தூக்கத்தைக் கெடுக்கிறது. முதல் ஜோடியின் இரண்டாவது எழுத்தைக் கவனியுங்கள். அது 2, 6 அல்லது ஆங்கில எழுத்துகளான ஏ, ஈ இவற்றில் ஒன்றா? அப்படியானால் அந்த முகவரி கருவியே புனைந்துகொண்டது, அநேகமாக ஒரு கைபேசி. பின்தொடர்வதைத் தடுக்க 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-உம், 2020-இல் வந்த ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 14-உம் இதை இயல்பு வழக்கமாக்கின. ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் கைபேசி வேறு முகவரி காட்டும். உங்கள் ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளை இரண்டு பெயர்களில் ஒலிபரப்பினால், ஒரே கைபேசி இரண்டு ஆளாகப் பட்டியலில் நிற்கலாம். கைபேசியின் வைஃபை அமைப்பில், இணைந்துள்ள பெயரின் விவரங்களைத் திறந்தால் அது இப்போது காட்டும் முகவரி தெரியும். வீட்டிலுள்ள ஒவ்வொரு கைபேசியிலும் அதைப் பார்த்துத் தாளில் அடியுங்கள்.

இன்னும் மிச்சமிருந்தால், எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு: அந்தக் கருவியை ரவுட்டரிலேயே தடைசெய்துவிட்டுக் காத்திருப்பது. எங்கள் வீட்டில் ஒருமுறை அப்படிச் செய்தபோது, மாமியார் அறையிலிருந்து, "ஏம்மா, சீரியல் பாதியில் நின்றுவிட்டதே!" என்று குரல் வந்தது. டிவி பெட்டி கண்டுபிடிக்கப்பட்டது. யாரும் கத்தவில்லை என்றால் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பல்பும் பிளக்கும் கத்தாது, செயலியில் இணைப்பில்லை என்று மட்டும் காட்டும். முகவரியை மாற்றிக்கொள்ளும் கைபேசி இந்தத் தடையைத் தாண்டிவிடும் என்பதால் இதைப் பூட்டாக நம்பாதீர்கள். கண்டறிய மட்டுமே பயன்படுத்துங்கள்.

எல்லாம் அடித்த பிறகும் ஒன்று எஞ்சினால் வைஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும். கடவுச்சொல்லைத் தட்டாமலே பொத்தானாலோ குறு எண்ணாலோ இணையவிடும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். ரவுட்டர் பக்கத்துக்குள் நுழையும் கடவுச்சொல் தனி, அதையும் மாற்றுங்கள். பல்பு, பிளக், கேமரா ஒவ்வொன்றையும் மறுபடி இணைக்க வேண்டியிருக்கும், ஆகவே விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளிகளுக்கு ரவுட்டரில் தனி வைஃபை பெயர் ஒன்று திறக்க முடியுமா என்று பாருங்கள். வைஃபையைப் பகிரக் கைபேசி காட்டும் க்யூஆர் குறியீட்டிலும் கடவுச்சொல்தான் இருக்கிறது; அதை ஒருவர் பெற்றால், அவர் இன்னொருவருக்கும் கொடுக்க முடியும்.

கடைசியாக, அடையாளம் கண்ட ஒவ்வொன்றுக்கும் ரவுட்டர் பக்கத்திலேயே பெயர் வையுங்கள். "ஹால் ஏசி", "அத்தை டிவி" என்பது போல. பெயர் மாற்றும் வசதி உங்கள் ரவுட்டரில் இல்லையென்றால், அந்தத் தாளையே ரவுட்டருக்கு அருகில் ஒட்டிவையுங்கள்.