பழைய காரை நேரடியாக விற்கிறீர்களா? விற்பனைப் பத்திரம் எழுதுவது இப்படித்தான்

என் முதல் காரை விற்றபோது ஒரு வெள்ளைத்தாளில் நான்கு வரி எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டேன். காலையில் சாவியைக் கொடுத்துவிட்டேன். அன்று மாலையே வண்டி வேகக் கேமராவில் சிக்கியது. அபராதச் சீட்டு என் பெயருக்கு வந்தது. பத்திரத்தில் தேதி இருந்தது, நேரம் இல்லை. மாலையில் ஓட்டியது நான் இல்லை என்று காட்ட என் கையில் வேறொன்றும் இல்லை. வண்டி எந்த நிமிடம் கை மாறியது என்பதைச் சொல்லாத பத்திரம் பாதிப் பத்திரம்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

1. எழுதுவதற்கு முன்

வண்டி மேல் கடன் பாக்கி இருந்தால் அதை முடித்து, கடன் தீர்ந்ததற்கான கடிதத்தை வாங்கிவிடுங்கள். உங்கள் ஊர் பதிவு அலுவலகம் இதற்கென்று படிவம் வைத்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். படிவம் இல்லாவிட்டால் வெள்ளைத்தாள் போதுமா, முத்திரைத்தாள் வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. யார், யாருக்கு

இருவரின் முழுப்பெயர், முகவரி, அடையாள அட்டை எண். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். வண்டி இரண்டு பேர் பெயரில் பதிவாகியிருந்தால் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவதுதான் பாதுகாப்பு.

3. எந்த வண்டி

நிறுவனம், மாடல், தயாரித்த ஆண்டு, நிறம், பதிவு எண், இன்ஜின் எண், சேஸிஸ் எண். இதில் அதிகம் தப்பு நடப்பது சேஸிஸ் எண்ணில்தான். இப்போதைய கார்களில் இது 17 இலக்கம். எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து வரும். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகள் மட்டும் இதில் வரவே வராது. 1, 0 இரண்டோடும் குழம்பும் என்பதால் அவற்றை விட்டுவிட்டார்கள். ஆகவே ஓ மாதிரி தெரிவது பூஜ்யம்தான், யோசிக்காமல் எழுதலாம்.

பழைய காகிதத்தைப் பார்த்து நகல் எடுக்காதீர்கள். வண்டியிலேயே பாருங்கள். பல கார்களில் முன்கண்ணாடியின் கீழ் ஓரத்திலோ, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ இருக்கும். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழுத்தெழுத்தாக வாசிக்க, மற்றவர் பத்திரத்தில் சரிபார்க்கட்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் விற்பனையை அங்கேயே நிறுத்திவிட்டு அதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

4. எவ்வளவு ஓடியது

கையெழுத்துப் போடும் அன்று ஓடோமீட்டர் காட்டும் எண், கிலோமீட்டரா மைலா என்ற குறிப்போடு. மீட்டர் எப்போதாவது மாற்றப்பட்டிருந்தால் அதையும் எழுதுங்கள்.

5. விலை

எண்ணிலும் எழுத்திலும். முன்பணம் எவ்வளவு, மீதி எப்படி வந்தது, வங்கி வழியென்றால் பரிமாற்ற எண் என்ன என்பது வரை எழுதலாம். வரியை மிச்சம் பிடிக்க விலையைக் குறைத்துப் போடச் சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அது பொய்க் கணக்கு. நாளைக்குத் தகராறு வந்தாலும் தாளில் உள்ள தொகையைத்தான் கேட்பார்கள்.

6. வண்டியின் நிலை

"இருக்கும் நிலையிலேயே விற்கப்படுகிறது, உத்தரவாதம் எதுவும் இல்லை" என்ற வரியை எல்லோரும் போடுவார்கள். போடுங்கள், ஆனால் அதையே நம்பி இருக்காதீர்கள். தெரிந்தே மறைத்த பழுதுக்கு அந்த வரி குடை பிடிக்காது. தெரிந்ததைச் சொல்லிவிடுங்கள்: "ஏசி குளிர்ச்சி குறைவு. இடது பின்கதவு மோதலுக்குப் பிறகு மாற்றப்பட்டது. வாங்குபவர் ஓட்டிப் பார்த்து, இதை அறிந்தே வாங்குகிறார்." இப்படி எழுதினால் விலை குறையும் என்று பயப்படுவார்கள். என் அனுபவத்தில், வாங்குபவருக்கு நம்பிக்கை கூடத்தான் செய்கிறது.

7. கை மாறும் நேரம்

இந்தப் பத்தியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"மேற்கண்ட வாகனமும், அதன் ____ சாவிகளும், அசல் ஆவணங்களும் ____ தேதி, காலை/மாலை ____ மணி ____ நிமிடத்துக்கு வாங்குபவரிடம் ஒப்படைக்கப்பட்டன. அந்த நேரத்துக்குப் பிறகு இந்த வாகனத்தால் ஏற்படும் அபராதம், விபத்து, வழக்கு அனைத்துக்கும் வாங்குபவரே பொறுப்பு."

நேரத்தை முன்கூட்டியே அச்சடிக்காதீர்கள். சாவியைக் கொடுக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து, பேனாவால் நிரப்புங்கள்.

8. கையெழுத்து

ஒரே மாதிரி இரண்டு பிரதிகள், இரண்டிலும் இருவரின் கையெழுத்து. முடிந்தால் இரண்டு சாட்சிகள். காலி இடம் எதையும் விடாதீர்கள், கோடு போட்டு அடித்துவிடுங்கள். திருத்தம் செய்த இடத்தில் இருவரும் சுருக்கக் கையெழுத்துப் போட வேண்டும். பணம் முழுவதும் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே பேனாவை எடுங்கள்.

9. அப்புறம்

இந்தத் தாளால் மட்டும் பதிவேட்டில் பெயர் மாறிவிடாது. விற்றுவிட்டதைப் பதிவு அலுவலகத்துக்கு அன்றைக்கே தெரிவித்து, அதற்கான ஒப்புகையைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். சுங்கச்சாவடிக் கணக்கு வண்டியோடு இணைந்திருந்தால் துண்டித்துவிடுங்கள். வண்டியின் திரையில் உங்கள் போன் தொடர்புகளும் வீட்டு முகவரியும் சேமிக்கப்பட்டிருக்கும். சாவியைக் கொடுப்பதற்கு முன்பே அவற்றை அழித்துவிடுங்கள்.