முற்றத்து ஆட்டில் உடலைப் படிப்போம்

ஆட்டின் நான்கு அறை இரைப்பையின் படத்தைக் கொப்பியில் எத்தனை தரம் கீறினாலும் அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. கிளிநொச்சியில் எங்கள் வளவில் நின்ற ஆட்டில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. உங்களுக்கும் பழகின ஆடொன்றும் மணிக்கூடும் போதும். வெயில் ஏற முதல் செய்யுங்கள், துரத்திப் பிடித்த ஆட்டில் எண்ணினால் எல்லாமே கூடத்தான் வரும்.

முதலில் தொடாமல், தள்ளி நின்று மூச்சை எண்ணுங்கள். விலா ஒரு தரம் ஏறி இறங்கினால் ஒன்று. சும்மா நிற்கும் பெரிய ஆட்டுக்கு நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை வரும். மத்தியானத்தில் கூடும், மூச்சு வழியாகவும் அது உடற்சூட்டைத் தணிக்கிறது.

அடுத்தது நாடி. பின்காலின் உட்தொடையில், மேலே, இரண்டு விரல்களை வையுங்கள். பெருவிரல் வேண்டாம், அதில் உங்கள் நாடியே துடிக்கும். 70 முதல் 90 வரை இருக்கும், குட்டிக்கு இன்னும் வேகம்.

அப்புறம் மேலுதட்டை உயர்த்துங்கள். மேலே முன்பல்லே இல்லை, தடித்த முரசுதான். கீழே 8 முன்பல். பூவரசங்குழையை அந்த முரசில் வைத்து அழுத்தித்தான் பிய்க்கிறது.

சரி, எனக்குப் பிடித்த இடம் இனித்தான். இடப்பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் பொத்திய கையை அழுத்தி வைத்துவிட்டு அசையாமல் நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஏதோ உங்கள் கையை மெதுவாக வெளியே தள்ளிவிட்டுத் திரும்ப அமுங்கும், அதுதான் இரைப்பையின் முதல் அறை, தின்ற குழையைப் புரட்டிக் கலக்குகிறது. நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தரம். காதை வைத்தால் தூரத்து வயலில் உழவு மெஷின் ஓடுவது போலக் கேட்கும். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்க வைக்கின்றன. அதில் வரும் வாயுவை ஆடு ஏவறையாக விடுகிறது.

அது வெளியேறாவிட்டால் அந்தப் பள்ளம் நிரம்பி, மேளம் போல விறைத்து நிற்கும். மாரியில் இளம்புல் அள்ளித் தின்ற எங்கள் மறி ஒன்றுக்கு அப்படி வந்தது. அப்போது எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள், உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.