பெயரை அழித்தால் மட்டும் போதுமா? முதல் மருத்துவ ஆய்வுக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பங்கேற்பாளர்களின் விவரங்களை எப்படிப் பாதுகாக்கிறீர்கள் என்று புதிதாக ஆய்வுக்கு வருபவர்களைக் கேட்டால், பெரும்பாலும் வரும் பதில்: "பெயரை எடுத்துட்டேன்." அது போதாது.

1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், மாநில அரசு ஊழியர்களின் மருத்துவத் தரவு பெயர் நீக்கப்பட்டு ஆய்வாளர்களுக்குத் தரப்பட்டது. அப்போது மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் ஒப்பிட்டார். ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவு எது என்று தெரிந்துவிட்டது. தரவில் அவர் பெயர் எங்குமே இல்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்?

படி 1: கேட்பதைக் குறையுங்கள்

வாங்காத தகவல் கசியவே முடியாது. கேள்வித்தாளில் உள்ள ஒவ்வொரு கேள்வியையும் பார்த்து, 'இதன் பதில் என் ஆய்வறிக்கையில் எந்த அட்டவணைக்குப் போகும்?' என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அடித்துவிடுங்கள். வயது போதுமென்றால் பிறந்த தேதி எதற்கு?

படி 2: பேசும் இடத்தைப் பாருங்கள்

தனியுரிமை வேறு, இரகசியம் காப்பது வேறு. சொன்னதை வெளியே விடாமல் வைப்பது இரகசியம். எதை, எங்கே, யார் காதில் விழச் சொல்கிறோம் என்பதைச் சொல்பவரே முடிவு செய்வது தனியுரிமை. கணினியில் எத்தனை பூட்டு போட்டாலும், காசநோய் பற்றிய கேள்வியைப் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டுவிட்டால் எல்லாம் வீண். தொலைபேசியை வேறு யாராவது எடுத்தால் ஆய்வின் பெயரைச் சொல்லாதீர்கள். வீட்டில் பேசும்போது நடுவில் யாராவது வந்துவிட்டால் மாற்றிக் கேட்கச் சில பொதுவான கேள்விகளைத் தயாராக வைத்திருங்கள். குடும்ப வன்முறை ஆய்வுகளில் இது வழக்கமான முறைதான்.

படி 3: காப்பாற்ற முடிந்ததை மட்டும் சொல்லுங்கள்

'நீங்கள் சொல்வது யாருக்கும் தெரியாது' என்று ஒப்புதல் படிவத்தில் எழுதாதீர்கள். உங்கள் வழிகாட்டிக்குத் தெரியும், தரவைப் பதிவு செய்பவருக்குத் தெரியும். யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று எழுதுங்கள். குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற சட்டம் பல நாடுகளில் உண்டு. அந்த விதிவிலக்கை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழுவாக உட்கார்ந்து பேசும் ஆய்வென்றால், மற்ற பங்கேற்பாளர்களின் வாய்க்கு உங்களால் உத்தரவாதம் தர முடியாது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

படி 4: குறியீட்டு எண் கொடுங்கள்

ஒவ்வொருவருக்கும் தற்செயலாக எடுத்த ஓர் எண். பெயரின் முதலெழுத்தோ மருத்துவமனைப் பதிவு எண்ணோ வேண்டாம். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனிக் கோப்பில், வேறு இடத்தில், கடவுச்சொல்லுடன் குறியாக்கம் செய்யப்பட்டு இருக்கட்டும். கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமும் பெயர்ப் பட்டியல்தான். அதைக் கேள்வித்தாளோடு சேர்த்துக் குத்தி வைக்காதீர்கள். நானே ஒருமுறை, தரவுக் கோப்பில் பெயர்களையெல்லாம் எண்ணாக்கிவிட்டு, ஒலிப்பதிவுக் கோப்புகளைப் பங்கேற்பாளர்களின் பெயரிலேயே சேமித்து வைத்திருந்தேன்!

அந்தப் பட்டியல் இருக்கும்வரை உங்கள் தரவு அநாமதேயமானது அல்ல. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தனிநபர் தரவாகவே பார்க்கிறது.

படி 5: வெளியிடும் முன் ஒவ்வொரு வரிசையாகப் படியுங்கள்

ஸ்வீனியின் கதை திரும்ப நடப்பது இங்கேதான். வயது, பாலினம், ஊர், தொழில் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், அதே சேர்க்கையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஒருவர்தான் என்றால் அவர் அகப்பட்டுவிட்டார். குறைந்தது 5 பேராவது வரும்வரை வகைகளை விரிவாக்குங்கள்: 34 என்பதை 30–39 ஆக்கலாம், ஊரை மாவட்டமாக்கலாம். மிக அதிக வயதும் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் அமெரிக்க விதி 89க்கு மேற்பட்ட எல்லோரையும் '90 அல்லது அதற்கு மேல்' என்று ஒன்றாக்கச் சொல்கிறது.

நேர்காணல் மேற்கோள்கள் இன்னும் சிக்கலானவை. 'ஒரே விபத்தில் இரண்டு பிள்ளைகளை இழந்த தபால்காரர்' என்று எழுதினால், பெயர் இல்லாமலே ஊருக்கே தெரியும். தொழிலை மாற்றலாமா என்றால், ஆய்வின் பொருள் கெடாதவரை மாற்றலாம். மாற்றியிருப்பதை அறிக்கையில் பொதுவாகக் குறிப்பிட்டுவிடுங்கள்.

அப்புறம் எக்செல். மறைத்து வைத்த நெடுவரிசை அழிந்த நெடுவரிசை அல்ல. சுருக்க அட்டவணையை மட்டும் அனுப்பினாலும், அது பிவட் அட்டவணையாக (மூலத் தரவிலிருந்து எக்செல் தானே தொகுத்துத் தரும் அட்டவணை) இருந்தால், அதற்குள் மூலத் தரவு முழுதும் ஒளிந்திருக்கலாம். மதிப்புகளை மட்டும் புதிய கோப்பில் ஒட்டி, அதை அனுப்புங்கள்.

படி 6: அழிக்கும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

எழுத்தாக்கி, சரிபார்த்தபின் ஒலிப்பதிவை அழிக்கலாம், நெறிமுறைக் குழு (ஆய்வைப் பரிசீலித்து அனுமதி தரும் குழு) அனுமதித்த காலப்படி. அழிக்கும்போது குப்பைத்தொட்டி, பென்டிரைவ், கைப்பேசி, தானாக நகலெடுத்த மேகக் கணக்கு எல்லாவற்றையும் பாருங்கள். மடிக்கணினி தொலைந்தால் கிடைத்துவிடும் என்று காத்திருக்காமல், வழிகாட்டிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.