கணைக்கால் வலி: ஜும்பா பயிற்றுநர்கள் கவனிக்க வேண்டியவை

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டு வளவுகளில் ஜும்பா வகுப்பு நடத்துவோர் முதலில் பார்க்க வேண்டியது தரையைத்தான். ஆத்தங்குடிக் கல் கண்ணுக்கு அழகு. ஆனால் சிமெண்டும் மணலும் இறுகிய அந்தத் தளம் குதிப்பின் அதிர்வைச் சிறிதும் வாங்காமல் காலுக்கே திருப்பிவிடும். ரப்பர் விரிப்பு அதிர்வைக் குறைக்கும் என்றாலும், திரும்பும்போது காலணியைப் பற்றிக்கொண்டு முழங்காலை முறுக்கிவிடும் என்பதால், குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் சுழல வேண்டும்.

கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில் நீளவாக்கில் வலித்தால், குதிப்பை நிறுத்திவிட்டு, அசைவுகளை வாயால் சொல்லிக்கொடுத்தே ஓரிரு வாரம் வகுப்பை நடத்தலாம். விரல் வைத்த ஒரே இடத்தில் சுருக்கென்றாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, அது எலும்புக் கீறலாக இருக்கக்கூடும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம் என்பதால், வலி நீடித்தால் எலும்பு மருத்துவரை மீண்டும் பார்ப்பது அவசியம்.