எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு காய்ச்சல், வலி மாத்திரை: எதை, எவ்வளவு, எப்படி?

தர்மபுரியில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுவதும் என் காதில் விழுவது "உடம்பு வலிக்கு ஒரு செட் கொடுங்கள்" என்பதுதான். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதி இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பு அந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்த பலருக்கு மூட்டும் முதுகும் இன்னும் வலிக்கின்றன. அதனால் வலி மாத்திரை இங்கே தீப்பெட்டி போல வாங்கும் பொருளாகிவிட்டது.

சென்ற மழைக்காலத்தில் பாலக்கோட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். பெங்களூரில் இரைப்பை பைபாஸ் செய்து எட்டு மாதம் ஆகியிருந்தது. காய்ச்சலுக்கு வேறொரு கடையில் வாங்கிய செட்டை நீட்டி, "இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்டார். சின்னக் காகித உறைக்குள் மூன்று மாத்திரைகள். ஒன்று அட்டையிலிருந்து கத்தரித்த துண்டு; பெயரின் முன்பாதி கத்தரியோடு போய்விட்டது, 'ஃபினாக்' என்ற வால் மட்டும் மிச்சம். டைக்ளோஃபினாக்கோ அசிக்ளோஃபினாக்கோ, எதுவானாலும் அவர் தொடவே கூடாத வலி மருந்து அது. விழுங்கும் முன்பு கேட்டாரே என்று எனக்கு உயிர் வந்தது. அவரைப் போன்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் படி: உங்களுக்கு நடந்தது எந்த அறுவை சிகிச்சை?

ஸ்லீவ் என்றால் இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கிவிட்டு, மிச்சத்தைக் குழாய் போல ஆக்கியிருப்பார்கள். பைபாஸ் என்றால் இரைப்பையின் மேல்பகுதியில் சிறு பை அமைத்து, அதைச் சிறுகுடலோடு இணைத்திருப்பார்கள். அந்த இணைப்பில்தான் புண் வரும் ஆபத்து உண்டு. டிஸ்சார்ஜ் தாளில் எது என்று எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பெரிய எழுத்தை விட்டுவிட்டுச் சிறிய எழுத்தைப் படியுங்கள்

அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் பெயர் அதன் அருகில் பொடி எழுத்தில் இருக்கும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நாப்ராக்சென், மெஃபனாமிக் அமிலம், கீட்டோரோலாக், நிமிசுலைடு, ஆஸ்பிரின் ஆகியவற்றில் எது இருந்தாலும் நீங்களாக எடுக்காதீர்கள். இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சுரப்பை இவை குறைத்துவிடும். பைபாஸ் செய்தவர்களை வாழ்நாள் முழுவதும் தவிர்க்கச் சொல்வார்கள். ஸ்லீவ் செய்தவர்களுக்குச் சில மருத்துவர்கள் ஓரிரு நாள் அனுமதிப்பதுண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் அறுவை மருத்துவர்.

பலர் ஏமாறுவது கூட்டு மாத்திரையில்தான். காம்பிஃப்ளாமில் பாராசிட்டமாலுடன் ஐபுபுரோஃபெனும் இருக்கிறது. ஜீரோடால் பி-யில் அசிக்ளோஃபினாக். மாதவிடாய் வலிக்குப் பெண்கள் வாங்கும் மெஃப்டால் ஸ்பாஸில் மெஃபனாமிக் அமிலம். டிஸ்பிரின் என்பது ஆஸ்பிரினேதான்.

ஊசியாகப் போட்டால் வயிற்றைத் தொடாது என்று நம்புகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். அது தவறு. டைக்ளோஃபினாக் ஊசியும் ரத்தத்தின் வழியாக இரைப்பைக்கு அதே கெடுதலைச் செய்யும். கிளினிக்கில் ஊசி எடுக்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள். "அதுதான் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டாப்ரசோல் சாப்பிடுகிறேனே" என்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது.

இதயத்துக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த சிறு அளவு ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மூன்றாம் படி: பாராசிட்டமாலை எண்ணிச் சாப்பிடுங்கள்

காய்ச்சலுக்கும் சாதாரண வலிக்கும் உங்களுக்கு ஏற்றது பாராசிட்டமால் மட்டும் உள்ள மாத்திரை. ஒரு வேளைக்கு 500 அல்லது 650 மில்லிகிராம். அடுத்த வேளைக்கு 6 மணி நேர இடைவெளி. 650 மாத்திரை நான்கு எடுத்தால் 2,600 மில்லிகிராம். ஒரு நாளில் அதோடு நிறுத்துங்கள். எடை 50 கிலோவுக்குக் கீழே இறங்கியவர்களுக்கும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும், மது அருந்துபவர்களுக்கும் இதுவே அதிகமாக இருக்கலாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். சினாரெஸ்ட் ஒன்றும், காய்ச்சல் மாத்திரை ஒன்றும் சேர்த்துப் போட்டால் இரண்டு வேளை அளவு ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும். எடுத்த நேரத்தைக் காலண்டர் தாளில் குறித்து வையுங்கள்.

நான்காம் படி: விழுங்கும் விதம்

முதல் சில வாரங்களுக்குப் பொடித்தோ திரவமாகவோ எடுக்கச் சொல்லியிருப்பார்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடிக்கக் கூடாது. குழந்தைகளுக்கான சிரப்பில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் என்று இருந்தால், 10 மில்லி உங்கள் 500. ஆனால் சிரப்பில் சர்க்கரை உண்டு; பைபாஸ் செய்தவர்களுக்குப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். கிருஷ்ணகிரி மாம்பழச் சாற்றோடு மாத்திரை போடுகிறவர்களும் இதே காரணத்தால் அவதிப்படுகிறார்கள். வெறும் தண்ணீர் போதும், மிடறு மிடறாக.

ஐந்தாம் படி: மாத்திரை போடாமல் கிளம்ப வேண்டிய நேரம்

அறுவை சிகிச்சை முடிந்த முதல் மாதத்தில் 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தால், அதை மாத்திரையால் அடக்கிவிட்டுப் படுக்காதீர்கள். நாடியை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 120-ஐத் தாண்டினாலோ, வயிறு அல்லது இடது தோள் வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ தையல் இடத்தில் கசிவு இருக்கலாம். 108-ஐ அழையுங்கள், அறுவை செய்த மருத்துவமனைக்கும் உடனே சொல்லுங்கள்.

மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். இரண்டு நாளில் தணியாவிட்டால் அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டெங்குவிலும் மேலே சொன்ன வலி மருந்துகள் ரத்தக்கசிவைக் கூட்டும்.

மலம் கருப்பாகப் போனால் கவனியுங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் கருக்கும். ஆனால் தார் போலப் பிசுபிசுப்பாக, வழக்கத்துக்கு மாறான நாற்றத்தோடு போனால் அது உள்ளே கசியும் ரத்தம். காப்பித் தூள் நிறத்தில் வாந்தி வந்தாலும் அப்படியே. ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

கடையில் சொல்ல வேண்டியது

"பைபாஸ் செய்திருக்கிறேன்" என்று மட்டும் சொன்னால் நாங்கள் இதயம் என்றுதான் நினைப்போம். "எடை குறைக்க வயிற்றில் அறுவை செய்திருக்கிறேன், பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள், முழு அட்டையாகக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். பாலக்கோட்டு அம்மாவுக்கு இந்த வரியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அதைப் பஸ் டிக்கெட்டோடு சேர்த்து மடித்து மணிபர்சில் வைத்துக்கொண்டு போனார்.