ரெய்டு அமைக்கும் நாளில் கண்ணில் படாத தவறுகள்

விஎம் (ஒரே சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) ஓட்டும் சர்வரில் மென்பொருள் ரெய்டு போடுவது, அதாவது ஒரு டிஸ்க் போனாலும் தகவல் போகாதபடி பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டுவது, இன்று சுலபம். லினக்ஸின் ரெய்டு கருவியான எம்டிஏடிஎம் ஆனாலும், ரெய்டையும் தானே பார்த்துக்கொள்ளும் கோப்பு முறைமையான இசட்எஃப்எஸ் ஆனாலும் ஒரு கட்டளை போதும். ஆனால் அப்போது செய்த தவறு அன்றைக்குத் தெரியாது. ஒரு டிஸ்க் போய், மாற்று டிஸ்க் போட்டு, அதில் தகவலைத் திரும்ப நிரப்பும் ரீபில்டு ஓடும்போதுதான் தெரியவரும். நாங்கள் எல்லாம் ஆரம்பத்தில் செய்ததையே புதியவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரெய்டு வேறு, பேக்கப் வேறு என்பதை ஏற்கெனவே எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மற்றதைச் சொல்கிறேன்.

டைம்அவுட்டைக் கவனிக்காமல் விடுவது

இது இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு. ஏனென்றால் தடுப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

தெரிந்த ஒருவரின் சர்வரைப் பார்க்கப் போயிருந்தேன். நான்கு டெஸ்க்டாப் டிஸ்க்குகளில் ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இரண்டு போனால் தாங்காது), அதன்மேல் ஏழெட்டு விஎம். ஒரு டிஸ்க்கை ரெய்டு வெளியே தள்ளிவிட்டது. அவர் உடனே புது டிஸ்க் போட்டார். ரீபில்டு பாதியைத் தாண்டியதும் இன்னொரு டிஸ்க்கும் வெளியேறியது. விஎம் அத்தனையும் படுத்துவிட்டன. “அடுத்தடுத்து ரெண்டு டிஸ்க் செத்துப்போச்சு, வாங்கின லாட்டே சரியில்லை” என்றார். லாகைப் பார்த்தேன்: முதலில் ஒரு ரீட் டைம்அவுட், அப்புறம் லிங்க் ரீசெட், அப்புறம் ரைட் பிழை, உடனே டிஸ்க் வெளியே. டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் பெண்டிங் செக்டர் (படிக்க முடியாமல் நிற்கும் சிறு பகுதி) எண்ணிக்கை இரண்டு டிஸ்க்கிலும் ஒற்றை இலக்கம்தான். இரண்டுமே சாகவில்லை.

நடந்தது இதுதான். டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் விடாமல் திரும்பத் திரும்ப முயலும். அதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல்கூட ஆகலாம். லினக்ஸ் கெர்னலோ இயல்பாக 30 விநாடிதான் காத்திருக்கும். பதில் வராவிட்டால் இணைப்பை ரீசெட் செய்யும். ரெய்டு மற்ற டிஸ்க்குகளிலிருந்து அந்தத் தகவலைக் கணக்கிட்டு, கெட்ட இடத்தில் திரும்ப எழுதப் பார்க்கும். டிஸ்க் இன்னும் தன் முயற்சியிலேயே மூழ்கியிருப்பதால் அந்த எழுத்தும் தோற்கும். எழுத முடியாத டிஸ்க்கை ரெய்டு வைத்துக்கொள்ளாது. டிஸ்க் ஏழு விநாடியில் “படிக்க முடியவில்லை” என்று ஒப்புக்கொண்டிருந்தால், அந்த ஒரு செக்டரைத் திருத்தி எழுதிவிட்டு ரெய்டு பாட்டுக்கு ஓடியிருக்கும்.

ரெய்டுக்கென விற்கும் டிஸ்க்குகளில் இந்த ஏழு விநாடி வரம்பு பொதுவாக வந்தே இருக்கும். மற்றவற்றில் ஸ்மார்ட்சிடிஎல் கருவியால் எஸ்சிடி ஈஆர்சி என்ற அமைப்பை, அதாவது கெட்ட செக்டரில் டிஸ்க் எவ்வளவு நேரம் முயலலாம் என்ற வரம்பைப் பாருங்கள். டிஸ்க் அதை ஏற்குமானால், படிப்பதற்கும் எழுதுவதற்கும் 70 என்று கொடுங்கள். அலகு பத்தில் ஒரு விநாடி என்பதால் அது 7 விநாடி. பல டிஸ்க்குகள் மின்சாரம் போய் வந்தால் இதை மறந்துவிடும். அதனால் ஒவ்வொரு பூட்டிலும் ஓடும்படி யுடெவ் விதியாகவோ (டிஸ்க் தென்பட்டதும் லினக்ஸ் ஓட்டும் விதி) ஸ்கிரிப்டாகவோ வைத்துவிடுங்கள்.

ஏற்காத டிஸ்க் என்றால் கெர்னலின் 30 விநாடியை 180 ஆக்குவது ஒரு வழி. வீட்டுக் கோப்புகள் வைக்கும் சர்வருக்கு அது போதும். விஎம் சர்வருக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு கெட்ட செக்டருக்காக அந்த ரெய்டில் இருக்கும் எல்லா விஎம்மும் நிமிடக்கணக்கில் உறைந்து நிற்கும். உள்ளே ஓடும் லினக்ஸில் 120 விநாடியாக ப்ராசஸ் சிக்கி நிற்பதாக எச்சரிக்கைகள் குவியும். ஈஆர்சி உள்ள டிஸ்க்கையே வாங்குங்கள்.

இன்னொன்று: மாதம் ஒருமுறை ஸ்க்ரப் (ரெய்டில் உள்ள தகவலை முழுக்கப் படித்துச் சரிபார்ப்பது) ஓட விடுங்கள். யாரும் படிக்காத மூலையில் கெட்டுக்கிடக்கும் செக்டரை அதுதான் முன்கூட்டியே பிடிக்கும். ஆனால் டைம்அவுட்டைச் சரிசெய்த பிறகு. இல்லாவிட்டால் ஸ்க்ரப்பே நல்ல டிஸ்க்கை வெளியே தள்ளிவிடும்.

பதற்றத்தில் க்ரியேட்

அந்த நண்பரின் தகவல் பெரும்பாலும் மீண்டது. காரணம், அவர் அதற்குமேல் எதையும் தொடவில்லை. ரெய்டு எழவில்லை என்றதும் எம்டிஏடிஎம்மில் க்ரியேட் (ரெய்டைப் புதிதாக உருவாக்கும் கட்டளை) கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். டிஸ்க் வரிசையோ சங்க் (தகவலை டிஸ்க்குகளுக்குப் பிரித்துப் போடும் துண்டு) அளவோ மாறினால் தகவல் குழம்பிவிடும். தகவல் தொடங்கும் இடம்கூட எம்டிஏடிஎம் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. முதலில் எக்ஸாமின் கொடுத்து எல்லா டிஸ்க்கின் ஈவென்ட் எண்ணையும் (எந்த டிஸ்க் எதுவரை ரெய்டோடு ஒத்திருந்தது என்று காட்டுவது) எழுதிவையுங்கள். கெட்ட டிஸ்க்கை டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவியால் நகலெடுங்கள். அப்புறம் அந்த நகலை வைத்து அசெம்பிள் (இருக்கும் ரெய்டைத் திரும்பச் சேர்க்கும் கட்டளை), தேவைப்பட்டால் அதோடு ஃபோர்ஸ்.

விஎம்களுக்கு ரெய்டு 5

வேண்டாம். ஒரு சின்ன எழுத்துக்குப் பழைய தகவலையும் பழைய பாரிட்டியையும் (போன டிஸ்க்கின் தகவலைக் கணக்கிட உதவும் கூடுதல் தகவல்) படித்து, புதியவை இரண்டையும் எழுத வேண்டும்: ஆக நான்கு வேலை. விஎம்கள் செய்வதோ பெரும்பாலும் சின்னச் சின்ன, சிதறிய எழுத்துகள். இடம் குறைந்தாலும், ஒவ்வொரு தகவலையும் இரண்டு டிஸ்க்கில் வைக்கும் ரெய்டு 10 போடுங்கள். இசட்எஃப்எஸ்ஸில் மிரர் ஜோடிகள்.

இசட்எஃப்எஸ்ஸுக்கு ரேம் வரம்பு வைக்காதது

லினக்ஸில் நெடுங்காலம் ஏஆர்சி என்ற இசட்எஃப்எஸ்ஸின் கேஷ் பாதி ரேம்வரை எடுத்துக்கொள்ளும்படிதான் இருந்தது. மீதியை முழுக்க விஎம்களுக்குப் பங்கிட்டுவிட்டால், நெருக்கடி வரும்போது கேஷ் போதுமான வேகத்தில் சுருங்காது. கெர்னல் ஏதாவது ஒரு விஎம்மைக் கொன்றுவிடும். அதிகபட்ச ஏஆர்சி அளவை முதல் நாளே குறித்துவிடுங்கள்.

ஒரே டிஸ்க்கில் பூட்லோடர்

பூட்லோடர் (சர்வரை எழுப்பும் நிரல்) ஒரே டிஸ்க்கில் இருந்தால், அது போனதும் சர்வர் எழாது. முதல் டிஸ்க்கைக் கழற்றி பூட் செய்து பாருங்கள்.

சீரியல் எண்

டிஸ்க்கின் சீரியல் எண்ணை, அதைச் செருகும் தட்டின் முகப்பில் ஒட்டிவையுங்கள். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ரீபூட்டில் மாறக்கூடும்.

போய்ச் சேராத எச்சரிக்கை

எம்டிஏடிஎம் கட்டமைப்புக் கோப்பில் மின்னஞ்சல் முகவரி எழுதியதோடு நின்றுவிடுகிறார்கள். சர்வரிலிருந்து மெயில் வெளியே போகிறதா என்று பார்ப்பதில்லை. மானிட்டர் கட்டளையில் டெஸ்ட், ஒன்ஷாட் இரண்டையும் சேர்த்து ஓட்டினால் ஒவ்வொரு ரெய்டுக்கும் ஒரு சோதனை மெயில் வரும். உங்கள் போனில் அதைத் திறந்து பார்த்த பிறகு முதல் விஎம்மை ஏற்றுங்கள்.