ஷோன்ப்ரூன் அரண்மனைக்குப் போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

வியன்னா போகிறவர்கள் ஷோன்ப்ரூன் அரண்மனைக்கு அரை நாள் ஒதுக்குவார்கள். அதில் பாதி வாசலிலேயே கரைந்துவிடும். டிக்கெட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்புதான் காரணம். உள்ளே போக டிக்கெட்டில் நேரம் குறித்துத் தருகிறார்கள். கோடையில் சாவகாசமாகப் போனால், கிடைக்கிற நேரம் பிற்பகலாகிவிடலாம். அரண்மனையின் சொந்த இணையதளத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். வாசலில் இசைமேதை மொசார்ட் காலத்துப் பொய்முடியும் பளபள அங்கியும் போட்டுக்கொண்டு சிலர் டிக்கெட் நீட்டுவார்கள். அது மாலைக் கச்சேரிக்கான டிக்கெட். வேஷத்தைப் பார்த்து அரண்மனை ஊழியர் என்று நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

எது எங்கே இருக்கிறது என்ற குழப்பமும் உண்டு. பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் மனைவி சிசி மகாராணியின் அருங்காட்சியகம் இங்கே இல்லை, நகர நடுவில் ஹோஃப்பர்க் அரண்மனையில் இருக்கிறது. கிளிம்ட்டின் 'முத்தம்' ஓவியம் இருப்பது பெல்வெடேர் என்ற வேறொரு அரண்மனையில்.

உள்ளே 1,441 அறைகள். நாம் பார்ப்பது சுமார் 40. ஆறு வயது மொசார்ட் 1762இல் பேரரசி மரியா தெரேசா முன் வாசித்த அரண்மனை இது என்பதால் எல்லோரும் கண்ணாடி மண்டபத்தைத் தேடுகிறார்கள். சரி, பாருங்கள். ஆனால் பிரான்ஸ் ஜோசப்பின் படுக்கையறையை ஓடிக் கடந்துவிடாதீர்கள். அங்கே கிடப்பது சாதாரண இரும்புக் கட்டில். சுற்றிலும் பொன் பூச்சு மின்னும் கூடங்கள் இருந்தும், பேரரசர் படுத்தது அதில்தான். 1916இல் அவர் இறந்ததும் இதே அறையில்தான்.

என் கணக்கில் பெரிய தவறு, தோட்டத்தை மிச்ச நேரத்துக்கு விட்டுவைப்பது. இதை அமைத்த பரோக் (ஆடம்பரமான பழைய ஐரோப்பியக் கலைப்பாணி) காலத்தவர்களுக்கு மாளிகையும் தோட்டமும் ஒரே வரைபடம். மரங்களைச் சுவர் போல நறுக்கி, பாதைகளை நூல் பிடித்தாற்போல் இழுத்து, கண் எங்கே போக வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். பூங்காவுக்குக் கட்டணம் இல்லை, காலை 6.30க்கே திறந்துவிடும். முதலில் தோட்டம், அப்புறம் அரண்மனை என்று மாற்றிப் பாருங்கள்.

பலர் தோட்டத்தின் கோடியில், குன்றடியில் இருக்கும் நெப்டியூன் நீரூற்றோடு திரும்பிவிடுகிறார்கள். மூச்சு வாங்கினாலும் குன்றின் மேல் ஏறுங்கள். 1775இல் கட்டிய க்ளோரியெட் என்ற வளைவு மண்டபம் அங்கே நிற்கிறது. ஏறியபின் திரும்பிப் பார்த்தால் பூப்பாத்திகள், மஞ்சள் அரண்மனை, அதற்கும் பின்னால் வியன்னா என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விரியும். பாதையெல்லாம் சரளைக்கல், அதனால் மெல்லிய செருப்பு உதவாது. நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

கீழே, அரண்மனையிலிருந்து குன்றைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் ஒரு ரோமானிய இடிபாடு இருக்கும். ரோமானியர் விட்டுப்போனது என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். அது 1778இல் இடிந்ததாகவே கட்டப்பட்டது! பக்கத்திலுள்ள கூர்நுனிக் கல்தூணில் எகிப்திய எழுத்துபோல் செதுக்கியிருப்பதும் பாவனைதான். உண்மையான எகிப்திய எழுத்தை 1822 வரை யாராலும் படிக்க முடியவில்லையே.

குழந்தைகளோடு போகிறவர்கள் அரண்மனை வளாகத்திலேயே உள்ள உயிரியல் பூங்காவையும் அதே நாளில் திணிப்பார்கள். 1752 முதல் இயங்கும் அது தனி டிக்கெட், தனி அரை நாள். அதற்கு மட்டும் வருவதானால் யூ4 மெட்ரோ ரயிலில் ஷோன்ப்ரூன் நிலையத்தை விட்டுவிட்டு ஹீட்சிங்கில் இறங்குங்கள்.